ஆமென் சொல்லாத அண்ணி

என் அண்ணி கிறிஸ்தவரான கதையை எங்கள் சபையில் இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். நாத்தனார் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அது தொடங்கியபோது எங்கள் வீட்டுக்குப் பெரிய தலைகுனிவாகத்தான் இருந்தது.

அண்ணன் கல்வராயன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அண்ணி அதே பள்ளியில் அறிவியல் டீச்சர். அந்த மலையிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். காலேஜ் படிக்க அந்த ஊரிலிருந்து கீழே இறங்கிய முதல் பெண் அண்ணிதான். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தார்கள். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் சபையில் அம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் சின்ன வயதில் அப்பா இறந்துபோனதும் அவருடைய வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. தாலுகா ஆபீஸில் வேலை, மற்ற நேரமெல்லாம் சபை. பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் ஜெபிக்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் மலைக்காரப் பெண்ணை, அதுவும் கிறிஸ்தவர் அல்லாத பெண்ணைக் கட்டுவதா என்று அம்மா கொஞ்ச நாள் மல்லுக்கட்டினார். பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் ஞானஸ்நானம் எடுத்துவிட வேண்டும். போதகரிடம் பேசி நாளும் குறித்தாகிவிட்டது.

அதைச் சொல்லத்தான் அண்ணியையும் அவருடைய அப்பாவையும் வீட்டுக்கு வரவழைத்தோம். அன்றைக்குத்தான் அண்ணியை நான் முதல்முதலாகப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலை, யாரையும் நேராகப் பார்க்கிற கண். அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத்த, நீங்க கும்புடறவரு யாருன்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க. தெரியாததுக்கு எல்லார் முன்னாடியும் ஆமான்னு சொன்னா அது பொய்யாயிடும். அவருகிட்ட நான் பேசற மொதப் பேச்சே பொய்யா இருக்கணுமா?"

அண்ணியின் அப்பா துண்டை மடியில் மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. அம்மா வந்தார், ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போகிற புடவையிலேயே வந்தார். சபையில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாமல் போதகரிடம் போய் அழுதிருக்கிறார். போதகர் வயதானவர், நிதானமான மனிதர். அந்தப் பெண் பொய் சொல்ல மாட்டேன் என்றுதானே சொல்கிறது, நம் சபையில் அப்படிச் சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு அனுப்பிவிட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் போதகரையும் சேர்த்துத் திட்டினார்.

வாரம் முழுவதும் மலைப் பள்ளியில், சனி ஞாயிறு எங்கள் வீட்டில் என்று இரண்டு பேரும் இருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே அண்ணி மறு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பிவிட்டார். பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது என்றார். பெண்கள் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்தார். பாட்டுப் பாடும்போது புத்தகத்தைப் பார்த்துக் கூடவே பாடுவார், அதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ஜெபம் முடியும்போது மட்டும், சபை மொத்தமும் ஆமென் என்கிற இடத்தில், வாயை மூடிக்கொண்டு நிற்பார். முதல் மாதத்திலேயே எல்லாரும் கவனித்துவிட்டார்கள். அம்மாவின் மருமகள் ஆமென் சொல்ல மாட்டாள் என்பது பெண்கள் சங்கத்தில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வரும்போது, சும்மா சொல்லிவிட வேண்டியதுதானே அண்ணி என்று கேட்டேன்.

"ஆமென்னா இன்னா அர்த்தம் பாப்பா?" என்றார்.

ஜெபம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்றேன். அண்ணி ஆட்டோவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அவர் ஏற்கெனவே போதகரிடம் கேட்டு வைத்திருந்தார். அப்படியே ஆகட்டும், இது உண்மை என்று சொல்லுகிற சொல்லாம் அது. "கையெழுத்து போடற மாதிரி. படிச்சுப் பாக்காம கையெழுத்து போடுவியா நீ?"

சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கிற திடப்படுத்தலுக்கு முன்னால், கேள்வி பதிலாக இருக்கும் ஞானோபதேசம் முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பரிசுத் தட்டு எங்கள் அலமாரியில் இருந்தது. அந்த ஞானோபதேசத்தில் ஒரு பதிலைச் சொல்லச் சொன்னார் அண்ணி. சொன்னேன். அதையே உன் வார்த்தையில் சொல் என்றார். தெருமுனை வரும் வரைக்கும் யோசித்தேன், வரவில்லை. அண்ணி என்னைக் கேலி செய்யவில்லை. வா, இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம் என்றார். அப்படித்தான் ஒரு புறஜாதிப் பெண்ணோடு சேர்ந்து நான் வேதத்தைப் படிக்க ஆரம்பித்தேன். புறஜாதி என்பது கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கு அம்மாவின் வார்த்தை.

அண்ணி படிக்கிற விதமே வேறு. எங்கள் வீட்டில் வேதத்தை எடுப்பது, அன்றைக்கு மனதுக்கு இதமாக ஒரு வசனம் பார்ப்பதற்கு. புத்தாண்டு அன்று சபையில் ஒரு வசனம் அச்சடித்துத் தருகிற வாக்குத்தத்த அட்டையைச் சாமான் அறைக் கதவில் ஒட்டுவோம், வருஷம் முழுவதும் அதுதான் எங்களுக்குத் துணை. அண்ணி அந்த அட்டையைப் பார்த்ததும் வேதத்தை எடுத்து அந்த அதிகாரம் முழுவதையும் படிப்பார். இதை யார் சொன்னது, யாரிடம் சொன்னது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்பார். ஒரு தடவை அம்மா ஆசையாக ஒட்டிய வசனம், கேட்ட மக்கள் திருந்தாததால் வந்த தண்டனைக்கு நடுவில் சொன்னது என்று தெரியவந்தது. அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். பெரிய தப்பு செய்துவிட்டமாதிரி அண்ணி கலங்கிப்போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தண்டனையிலும் கைவிட மாட்டேன் என்று சொன்னதுதானே அத்தை, தனியாகப் படித்ததைவிட இப்படிப் படித்தால் அது இன்னும் பெரிய வார்த்தை இல்லையா என்றார். அம்மா எழுந்து வந்து சாப்பிட்டார்.

மலையிலிருந்து இறங்குகிற வாரக் கடைசிகளில் அண்ணி போதகர் வீட்டுக்குப் போவார். கூடவே சில சமயம் நானும் போவேன். குழந்தைகள் ஏன் சாகிறார்கள், இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே மலையில் செத்துப்போன என் ஆயா எங்கே இருக்கிறாள், என்றெல்லாம் கேட்பார். சிலவற்றுக்குப் போதகர் விளக்கம் சொல்வார். சிலவற்றுக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரியலம்மா என்பார். திரும்பி வரும்போது அண்ணி என்னிடம், "தெரியலன்னு சொன்னாரு பாத்தியா. அதனாலதான் தெரியும்னு சொல்றத நம்ப முடியுது" என்றார்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டால் வராது. வெளியே தெரிந்தால் கல்யாணம் ஆகாது என்று அம்மா அதை மூடியே வைத்திருந்தார். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு எங்கிருந்தோ வந்த ஒரு பிரசங்கியார் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். அம்மா என்னை அழைத்துக்கொண்டு போனார். அவர் என் தலையில் கையை வைத்து ஜெபித்தார். இந்த நிமிஷம் சுகமாகிவிட்டாய், மாத்திரையைத் தூக்கிப் போடு, போடாவிட்டால் அவிசுவாசம் என்று மைக்கிலேயே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாடிக்கொண்டே சமைத்தார்.

சனிக்கிழமை அண்ணி வந்தார். விஷயம் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெடிக்கலுக்குப் போய் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஞானஸ்நானம் வாங்காதவ நீ. விசுவாசத்தப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

அந்த வார்த்தை அண்ணிக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை. "நாலு சுவிசேஷமும் படிச்சேன் அத்த. அவரு தொட்டு சொகமான குஷ்டரோகிங்கள, கோயில் ஆசாரியருகிட்ட போய் காட்டு, அவரு பாத்து சொல்லட்டும்னுதான் அனுப்பி வெக்கறாரு. சோதிச்சுப் பாக்கறதுக்கு அவரு பயப்படவே இல்ல. நம்ம பாப்பா சொகமாயிருந்தா டாக்டர் பாத்துட்டு மாத்திரய நிறுத்தட்டும். நானே உங்ககூட சர்ச்சுல சாட்சி சொல்றேன்."

அம்மா வழிவிடவில்லை. நானும் அம்மா பக்கம்தான். மாத்திரை போட்டால் ஆண்டவருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். மறு திங்கட்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில், வேலைக்குப் போகச் சேலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது விழுந்தேன். எனக்கு நினைவு வந்தபோது தலை அண்ணியின் மடியில் இருந்தது. மலை பஸ்ஸுக்காக அங்கே நின்றுகொண்டிருந்தவர் ஓடி வந்திருக்கிறார். சாவியைக் கையில் திணிக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, புடவையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விழுந்ததைவிட எனக்குப் பெரிய வலி, எனக்கு விசுவாசம் இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிட்டதே என்பதுதான். அந்தச் சுகமளிக்கும் கூட்டத்துக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். நான் சர்ச்சுக்கே வர மாட்டேன் என்று படுத்துக்கிடந்தேன். அண்ணி அந்த வாரம் லீவு போட்டுவிட்டு என்னோடு இருந்தார். அவர் திரும்பக் கொடுத்த மாத்திரையை இந்தத் தடவை அம்மா மறிக்கவில்லை. மூளையில் என்ன நடக்கிறது என்று வகுப்பில் சொல்வதுபோலப் படம் போட்டுக் காட்டினார். இது உன் நரம்பு சம்பந்தப்பட்டது, இதற்கும் ஆண்டவர் உன்னை நேசிக்கிறாரா என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அதைச் சொல்லும்போது தன்னை மறந்து, அவர் அப்படிப்பட்டவர் இல்லை பாப்பா என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நேரில் பழகிய ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது அது.

அதற்குப் பிறகும் அவர் அவசரப்படவில்லை. ஏறக்குறைய இன்னொரு வருஷம் போயிற்று. ஒருநாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன் என்றார். அம்மா கிரைண்டரை நிறுத்தினார். கனவில் ஏதாவது வந்ததா, வெளிச்சம் தெரிந்ததா என்று ஆசையாகக் கேட்டார்.

"ஒண்ணும் வரல அத்த. படிச்சேன், கேட்டேன், சண்ட போட்டேன். இவரு பொய் சொல்றவரு இல்லன்னு தெரிஞ்சுது. அப்புறம் பாத்தா, இவர வுட்டுட்டு இருக்க முடியாதுன்னு ஆயிப்போச்சு."

ஞானஸ்நானத்துக்கு முன்னால் மலைக்குப் போய்த் தன் அப்பாவிடமும் அண்ணன் தம்பிகளிடமும் நேராகச் சொல்லிவிட்டு வந்தார். சண்டை நடந்தது. ஊர்த் திருவிழாவுக்கு எப்போதும்போல வருவேன், சமைப்பேன், பரிமாறுவேன், படையலில் மட்டும் கலந்துகொள்ள மாட்டேன், உங்களுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்றாராம். ஞானஸ்நான ஞாயிற்றுக்கிழமை அவருடைய அப்பா ஜீப்பில் வந்து இறங்கி, கடைசி வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து போதகர் அவரோடு கை குலுக்கியபோது, மகள் இங்கே வந்தது எனக்கு வருத்தம்தான், ஆனால் யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை, அவளே யோசித்து வந்தாள், அதனால் நானும் வந்தேன் என்றார். அன்று போதகர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அண்ணி சொன்ன பதிலும், ஜெப முடிவில் சொன்ன ஆமெனும் பின் வரிசை வரைக்கும் கேட்டன. நானும் பக்கத்தில் இருந்தவர்களும் அழுதுகொண்டிருந்தோம். ஒப்பித்துப் பரிசு வாங்கிய காலத்தில்கூட எனக்கு அப்படி ஒரு கர்வம் வந்ததில்லை.

நான்கு மழைக்காலம் கழிந்து அண்ணன் போய்விட்டான். கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறுகிற ரோட்டில், வளைவில் மண் சரிந்து கிடந்தது, பைக் வழுக்கிவிட்டது. அவ்வளவுதான். இறங்கி வந்துகொண்டிருந்த மரவள்ளி வண்டிக்காரர்கள்தான் தூக்கியிருக்கிறார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆண்டவருடைய சித்தம் என்றார்கள். நல்லவர்களை அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றார்கள். அண்ணி அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், தெரியாததைச் சொல்லாதீர்கள், சும்மா உட்காருங்கள் போதும் என்று கெஞ்சினார். போதகர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அடக்கத்துக்குக் கிளம்புகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அண்ணி அழவில்லை என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. அடுப்படித் தரையில் சுருண்டு கிடந்து அழுததை நான் பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்து, இப்போதும் நம்புகிறீர்களா அண்ணி என்று அவரிடம் கேட்டேன். கேட்க உரிமை உள்ளவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

"கேள்வி ஜாஸ்தியாயிடுச்சு பாப்பா" என்றார். "ஆனா கேக்கறதுக்கு வேற யாரையும் தேடிக்கினு போகல. அவருகிட்டயேதான் போய்க் கேட்டுக்கினு இருக்கேன்."

உடைந்துபோனது அம்மாதான். ஊருக்கெல்லாம் ஜெபித்தவர் வீட்டில் ஜெபிப்பதையே நிறுத்திவிட்டார். பாட்டுப் புத்தகத்தைப் பீரோவுக்கு மேலே எறிந்தார். சர்ச் மணி அடித்தால் ஜன்னலைச் சாத்துவார். பெண்கள் சங்கத்தினர் வந்து உற்சாகப்படுத்திப் பார்த்தார்கள், கோபித்துக்கொண்டும் பார்த்தார்கள். அண்ணி அம்மாவை ஒருநாளும் சர்ச்சுக்கு வா என்று கூப்பிடவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு எங்களோடு தங்கிவிட்டார். தாய் வீட்டில் கூப்பிட்டும் போகவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேதத்தில் உள்ள சங்கீதங்களில் புலம்பலாக இருப்பவற்றை மட்டும் தேடிப் படிப்பார். ஏன் மறந்தீர், ஏன் முகத்தை மறைத்தீர் என்று கடவுளையே கேட்கிற பாட்டுகள். ஐம்பது வருஷமாக வேதம் வாசித்த அம்மா அவற்றையெல்லாம் தாண்டித் தாண்டியே போயிருக்கிறார்.

இப்படியெல்லாமா எழுதியிருக்கிறது என்று ஒருநாள் அம்மா கேட்டார். அண்ணன் இறந்த பிறகு அம்மா வேதத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"நெறய எழுதியிருக்கு அத்த. அவர நேரா நிறுத்தி வெச்சுத் திட்டியிருக்காங்க. அத அவரு புஸ்தகத்துலயே சேத்து வெச்சிருக்காரு. நீங்களும் திட்டுங்க."

அம்மா திட்டினார். தினமும் திட்டினார். அண்ணி கூடவே இருந்தார்.

இப்படி இருக்கையில் ஒருநாள், அந்தப் பழைய பந்தல் கூட்டத்தோடு சேர்ந்துவிட்ட மூன்று பெண்கள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். நான் லீவில் வீட்டில் இருந்தேன். அண்ணி உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார். அவர்களில் பெரியவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மலைச் சாமிகளின் சாபம் பின்னாலேயே வந்துவிட்டது, உங்கள் மருமகள் இன்றைக்கும் அந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகிறாளே, அவளை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இந்த வீட்டுக்குச் சமாதானம் வரும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எங்கள் வீடு சின்னது. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

மகனை இழந்த தாய் யார் மேலாவது பழியைப் போட்டால் நெஞ்சுப் பாரம் குறையும். அம்மா என்ன சொல்லுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கையை விடுவித்துக்கொண்டார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எம் புள்ள ஏன் செத்தான்னு எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுக்கு அவளுக்குத் தைரியம் இருக்கு, உங்களுக்கு இல்ல. நான் கைக்கொழந்தையில ஞானஸ்நானத் தண்ணி ஊத்துன கிறிஸ்துவச்சி. எனக்கு அஸ்திவாரம் இருக்குதா இல்லயான்னு நான் பாத்ததே இல்ல. அவ கிட்டக்க போய்ப் பாத்துப் பாத்து, தோண்டி, ஒவ்வொரு கல்லா வெச்சுக் கட்டுனவ. என்னுது ஒரே மழையில போயிடுச்சு. அவ கட்டுனதுலதான் நான் இப்ப ஒண்டிக்கினு இருக்கேன். அவள எங்க அனுப்பச் சொல்றீங்க?"

அண்ணி தட்டில் காபியோடு வந்தார். கண் சிவந்திருந்தது. மூன்று பேருக்கும் கொடுத்தார். சர்க்கரை கம்மியாக இருந்தால் சொல்லுங்கள் என்றார். அவர்கள் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அண்ணி தெரு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அவர் உள்ளே வந்ததும் அம்மா சுவர்ப் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"ஞாயித்துக்கெழம ஆராதன எத்தினி மணிக்கு? மாத்திட்டாங்களா?"

"அதே நேரந்தான் அத்த."

"நான் எனக்குப் புடிச்ச மாதிரி திட்டிக்கினுதான் உக்காந்திருப்பேன்."

"ஒக்காருங்க. எம்பக்கத்துல ஒக்காருங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நாங்கள் போனபோது முதல் பாட்டு தொடங்கியிருந்தது. அம்மா பின்னால் எங்கேயாவது உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சபை முழுவதும் பார்க்க நடுவழியாக நடந்து முன் வரிசைக்குப் போனார். நகர்ந்து உட்காருங்கள் என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லி, முதலில் அண்ணியை உட்காரவைத்தார்.